பிழையும் வஞ்சமும்

பலர் ஓரிடத்தில் கூடி, ஒரே விதிக்கு உட்பட்டு, பகையின்றிப் போராடக் கற்கும் இடம் ஆடுகளம். விதி இருப்பதனாலேயே ஆட்டம் ஆட்டமாகிறது. விதி இல்லையேல் அது வெறும் ஆரவாரமாகிவிடும். ஆயினும், விதி இருக்கும் இடத்தில் மீறுதலும் இருக்கும். மீறியவரை எவ்வாறு நடத்துவது என்ற வினாவுக்குத் தக்க விடை காணும் போட்டியே நல்ல போட்டி எனப்படும். பிழையே நேராத போட்டி உலகில் இல்லை. நேர்ந்த பிழை எவ்வாறு ஆராயப்பட்டது என்பதனாலேயே ஒரு போட்டி புகழோ பழியோ அடைகிறது.

மதுரையிலிருந்து விருதுநகர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் திருமங்கலம். அவ்வூரையும் மதுரையையும் சூழ்ந்த சமவெளியில் போட்டிகளுக்கு என்றும் குறைவில்லை. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய ஊர்களின் வாடிவாசல்களை நோக்கி மக்கள் திரள்வர். சீறிவரும் காளையை அடக்கும் அவ்வாட்டத்திற்கும் விதிகள் உண்டு. திமிலை மட்டுமே பற்றவேண்டும். ஒரு வேளையில் ஒருவரே பற்றவேண்டும். வாலைப் பிடித்து இழுத்தல் ஆகாது. கொம்பைப் பற்றுதலும் ஆகாது. இவற்றை மீறுவோர் களத்தினின்றும் வெளியேற்றப்படுவர். வீரர் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சட்டை அளிக்கப்படும். 2021ஆம் ஆண்டு அலங்காநல்லூரில், ஒருவர் பெயரில் பதிவான எண்ணுடைய சட்டையை மற்றொருவர் அணிந்து ஆடினார் என்று புகார் எழுந்தது. பரிசு யாருக்கு உரியது என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. பல்லாயிரம் கண்கள் பார்த்திருக்கும் திறந்த களத்திலேயே இத்தகைய ஐயம் எழுமாயின், ஓசையின்றி ஓர் அறைக்குள் நடைபெறும் ஆட்டத்தில் எத்துணை விழிப்பு வேண்டும்!

அவ்வாறு ஓசையின்றி நடைபெறும் போட்டிகளுள் தலையாயது சதுரங்கம். தமிழ்நாடு இத்துறையில் பெரும் பெயர் பெற்ற நாடு. 1961ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் என்னும் பட்டம் பெற்றவர் மானுவேல் ஆரோன். 1988ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனவர் விசுவநாதன் ஆனந்த். 2022ஆம் ஆண்டு சூலை, ஆகஸ்டுத் திங்கள்களில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2024ஆம் ஆண்டு திசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்றபோது குகேசுக்கு வயது 18. இவர்களைக் கண்டு ஊக்கமுற்ற சிறுவர் சிறுமியர், திருமங்கலம் போன்ற ஊர்களிலும் பலகையின் முன் அமரத் தொடங்கிவிட்டனர். பள்ளிகளுக்கிடையே குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடைபெறும் போட்டிகளில் சதுரங்கமும் ஒன்றாக இடம்பெற்றுள்ளது.

பலகைகள் பெருகப் பெருக, பூசல்களும் பெருகுதல் இயல்பே. அப்பூசல்களைத் தீர்க்கும் கடமை நடுவரைச் சார்ந்தது. நடுவர் முதற்கண் அறியவேண்டுவது ஒன்று உண்டு. பிழை வேறு, வஞ்சம் வேறு. இவ்விரண்டையும் வேறு பிரித்து அறியாதவர் எத்துணை விதிகளை மனப்பாடம் செய்திருப்பினும் நல்ல நடுவர் ஆகார்.

ஒரு சிறுவன் முதன்முறையாகப் போட்டிக்கு வருகிறான் என்று கொள்வோம். அவனுடைய அரசன் எதிரியின் தாக்குதலில் நிற்கிறான். அதைக் காணாமல் அவன் வேறொரு காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்துகிறான். இது விதிக்கு மாறான நகர்வு. ஆயினும் இதில் வஞ்சம் உண்டோ? இல்லை, கவனக் குறைவே உண்டு. 1924ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இதற்கு வகுத்துள்ள முறை அழகானது. முதன்முறை இவ்வாறு நேர்ந்தால், நகர்வு திருத்தப்படும். எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதலாக அளிக்கப்படும். அதே ஆட்டத்தில் அதே ஆட்டக்காரர் மீண்டும் அவ்வாறு செய்தால் அவர் ஆட்டத்தை இழப்பார். முதற் பிழையில் கற்றுக்கொள்ள வாய்ப்பு. இரண்டாம் பிழையில் பொறுப்பு. இம்முறையில் இரக்கமும் கண்டிப்பும் இணைந்து நிற்றலைக் காணலாம்.

இனி, வஞ்சத்திற்கு எடுத்துக்காட்டு ஒன்று. 2006ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்ற போட்டி ஒன்றில், ஆட்டக்காரர் ஒருவரின் தொப்பிக்குள் புளூடூத் கருவி தைத்து வைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வெளியில் இருந்து நகர்வுகளைக் கேட்டு அறிதற்கான ஏற்பாடு அது. அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குப் 10 ஆண்டுத் தடை விதித்தது. 2019ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில், கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற ஒருவரே கழிப்பறையில் கைப்பேசியின் துணையை நாடியது வெளிப்பட்டது. அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது. 6 ஆண்டு ஆடலாகாது என்றும் தீர்ப்பாயிற்று. தொப்பியில் கருவி தற்செயலாகத் தைத்துக்கொள்ளாது. இங்குத் தண்டனை கடுமையாக இருத்தலே முறை. ஏனெனில், வஞ்சகன் வென்ற ஒவ்வோர் ஆட்டத்திலும் நேர்மையாக உழைத்த ஒருவர் தோற்றிருக்கிறார். அவருடைய இழப்பைக் கண்டு இரங்காத நடுவர், வஞ்சகனிடம் காட்டும் இரக்கத்திற்குப் பொருளில்லை.

பிழையையும் வஞ்சத்தையும் வேறு பிரித்தறியும் உரைகல் யாது? இவ்வினாவுக்கு மேலைநாட்டு அட்டை ஆட்டம் ஒன்றின் நடுவர்கள் தெளிவான விடை கூறியுள்ளனர். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய ‘மேஜிக்’ என்பது அவ்வாட்டம். சீட்டுக்கட்டு என்றவுடன் பணம் வைத்து ஆடும் சூதே நம்மவர் நினைவுக்கு வரும், இஃது அத்தகையதன்று. ஆட்டக்காரர்கள் தாம் சேர்த்து வைத்த அட்டைகளிலிருந்து கட்டு ஒன்றை அமைத்துக்கொண்டு, அறிவால் மோதும் ஆட்டம். ஓர் அட்டைக்கு மாறாக இரண்டு அட்டைகளை எடுத்துவிடுதல், எண்ணிக்கையில் தவறுதல், தன் கட்டை ஒழுங்காகக் கலைக்காமை எனப் பிழைகள் பல இதில் நேர்வதுண்டு. எச்சரித்தல், ஓர் ஆட்டத்தை இழக்கச் செய்தல், அச்சுற்று முழுவதையும் இழக்கச் செய்தல், போட்டியினின்றே நீக்குதல் எனத் தண்டனைகள் படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளன. வஞ்சம் என்று தீர்ப்பதற்கு அவர்கள் இரண்டு சான்றுகளை நாடுவர். செய்தவர் தாம் செய்வது விதிக்கு மாறு என்று அறிந்திருந்தாரா? அதனால் ஆதாயம் பெற முயன்றாரா? இரண்டும் உண்டெனில் வஞ்சம், நீக்கமே தண்டனை. இரண்டில் ஒன்று இல்லையெனினும் அது பிழையின் பாற்படும். மேலும், புதியவர்கள் கூடி ஆடும் சிறு போட்டிகளில் இத்தண்டனைகளைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. பிழையைத் திருத்தி, விதியை விளக்கி, ஆட்டத்தைத் தொடரச் செய்வதே அங்கு நடுவரின் பணி. பள்ளிப் போட்டிகளை நடத்துவோர் இதனை உள்ளத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று.

இது குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. “குற்றம் எதுவாயினும் உடனே வெளியேற்றுக, அப்போதுதான் அச்சம் பிறக்கும், அச்சம் பிறந்தால்தான் ஒழுங்கு நிலைக்கும்” என்பர் சிலர். “சிறுபிள்ளைகள்தாமே, கண்டும் காணாமல் விட்டுவிடுக” என்பர் வேறு சிலர். இரண்டும் ஏற்கத்தக்கன அல்ல. அறியாமல் பிழை செய்த சிறுமியை ‘ஏமாற்றுக்காரி’ என்று பலர் முன் வெளியேற்றினால், அவள் அன்று இழப்பது ஓர் ஆட்டத்தை மட்டுமா? அவள் மறுபடியும் பலகையின் முன் அமர நாணுவாள். பள்ளியிலும் தெருவிலும் அப்பெயர் அவளைத் தொடர்ந்து செல்லும். மாறாக, அறிந்தே வஞ்சித்த சிறுவனைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டால், அவன் அதையே திறமை என்று கருதி வளர்வான். அவனிடம் தோற்றவனோ நேர்மையால் பயனில்லை என்று எண்ணத் தொடங்குவான். கண்மூடிய கடுமை ஒருவரைக் கெடுக்கும். கண்மூடிய கருணை இருவரைக் கெடுக்கும்.

திருவள்ளுவர் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தில் இந்நெறியைச் சுருங்கக் கூறியுள்ளார். குற்றத்தைத் தக்க முறையில் ஆராய வேண்டும். அது மீண்டும் நிகழாதவாறு, குற்றத்திற்கு ஏற்ற அளவில் தண்டிக்க வேண்டும். அவ்வாறு செய்பவனே அரசன் என்பது அவர் கருத்து. ஆராய்தல், அளவறிதல், மீண்டும் நிகழாமற் காத்தல் ஆகிய மூன்றும் அரசனுக்கு மட்டுமின்றி, ஆட்டக் கூடத்தில் நிற்கும் நடுவருக்கும் உரியனவாம்.

மூன்றனுள் முதலில் நிற்பது ஆராய்தல். ஆராயாத தீர்ப்பு எத்துணைக் கேட்டை விளைக்கும் என்பதற்கு மதுரையை விடச் சிறந்த சான்று வேறு ஊரில் இல்லை. சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்று பொற்கொல்லன் ஒருவன் கூறினான். பாண்டியன் நெடுஞ்செழியன் அச்சொல்லை நம்பினான், கோவலனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டானில்லை, கொல்லுமாறு ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகி வந்து வழக்குரைத்தபோது, சிலம்பு உடைக்கப்பட்டது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். கொலைக்கு முன் அச்சிலம்பை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும், கோவலன் பிழைத்திருப்பான், பாண்டியனும் அரியணையிலேயே உயிர் துறந்திருக்க மாட்டான். பாண்டியன் கொடியவன் அல்லன். செங்கோல் பிறழ்ந்ததை உணர்ந்தவுடன் உயிரையே விட்டவன். ஆயினும் நல்ல மனம் மட்டும் நல்ல தீர்ப்பைத் தந்துவிடாது என்பதே அக்கதை உணர்த்தும் பாடம். கேட்டல் வேண்டும்; பார்த்தல் வேண்டும்; அதன் பின்னரே தீர்த்தல் வேண்டும்.

பள்ளிப் போட்டிகளில் மிகுதியாக எழும் பூசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது சதுரங்க விதி. கட்டத்தில் சாய்ந்து நிற்கும் காயைச் சரிசெய்ய விரும்புவோர், தொடுவதற்கு முன்பே அதனை வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். “நீ குதிரையைத் தொட்டாய்” என்கிறான் ஒருவன். “தொடவில்லை” என்கிறான் மற்றவன். நடுவர் அப்பொழுது வேறு பலகையின் அருகில் இருந்தார். இந்நிலையில் அவர் செய்யத்தக்கது யாது? முதலில் கடிகாரத்தை நிறுத்தவேண்டும். இருவரையும் தனித்தனியே, குரலை உயர்த்தாமல் கேட்கவேண்டும். அருகில் இருந்த, இருவருக்கும் வேண்டாத சாட்சி உண்டா என்று பார்க்கவேண்டும். சான்று கிடைத்தால் விதிப்படி தீர்க்கவேண்டும். சான்று கிடைக்கவில்லையெனில், ஆட்டம் தொடர்க என்று கூறி, அப்பலகையை அருகிருந்து கண்காணிக்கவேண்டும். யாருடைய பள்ளி பெரியது, யாருடைய தந்தை பின்னால் நிற்கிறார், யார் முன்பு பரிசு பெற்றவர் என்பன போன்ற எண்ணங்களுக்கு அங்கு இடமே இல்லை.

ஐயம் வேறு, சான்று வேறு என்பதனைப் பெரியோரும் சில வேளை மறந்துவிடுகின்றனர். 2022ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் போட்டி ஒன்றில், அப்போதைய உலக வாகையர் மாக்னஸ் கார்ல்சன், ஹான்ஸ் நீமன் என்னும் இளைஞரிடம் தோற்றார். மறுநாளே போட்டியினின்றும் விலகினார். பின்னர் நீமன் மீது ஐயத்தையும் வெளியிட்டார். உலகெங்கும் ஏளனமும் வதந்தியும் பரவின, வழக்கும் எழுந்தது. அவ்வாட்டத்தில் வஞ்சம் நிகழ்ந்தது என்பதற்குச் சான்று எதுவும் நிலைநாட்டப்படவில்லை. தக்க காரணமின்றிப் போட்டியினின்றும் விலகியதற்காக, 2023ஆம் ஆண்டு உலகக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு கார்ல்சனுக்குப் 10,000 யூரோ தண்டம் விதித்தது. ஐயுற்றவர் அதனை நடுவரிடம் தனியே கூறுதல் முறை. ஊரறியக் கூறுதல் முறையன்று. குற்றச்சாட்டும் ஒருவகை ஆயுதமே. அதனைக் கையாளுதற்கும் ஒழுங்கு வேண்டும்.

உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேறுபாடின்றி விதி நிற்றல் வேண்டும் என்பதற்கும் அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு திசம்பரில் நியூயார்க் நகரில் நடைபெற்ற உலக விரைவுச் சதுரங்கப் போட்டிக்கு, அதே கார்ல்சன் விதிக்கு மாறாக ஜீன்ஸ் உடை அணிந்து வந்தார். அவருக்கு முதலில் 200 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. உடையை உடனே மாற்ற அவர் மறுத்தபோது, அடுத்த சுற்றில் ஆட அவருக்கு இடம் தரப்படவில்லை. அவர் அப்போட்டியினின்றே விலகினார். பின்னர், உடை விதி சிறிது தளர்த்தப்பட்டு, அதையடுத்த மின்னல்வேகப் போட்டியில் அவர் ஆடினார். உடையைப் பற்றிய விதி தேவைதானா என்று கேட்பாரும் உண்டு. அக்கேள்வி நியாயமானதே. ஆயினும், விதி தவறாக இருப்பின் அதனைப் போட்டி தொடங்குமுன் மாற்றவேண்டுமேயன்றி, பெரியவர் ஒருவர் மீறும்போது வளைத்தல் ஆகாது. அவ்வாறு வளைந்தால், அடுத்த நாள் பெயரறியாச் சிறுவன் ஒருவனிடம் அதே விதியை எந்த முகத்தோடு நடுவர் எடுத்துக் கூறுவார்?

இவற்றையெல்லாம் நோக்குங்கால், பள்ளிப் போட்டிகளை நடத்துவோர் மேற்கொள்ளத்தக்க முறைகள் சில தெளிவாகின்றன. முதலாவது, விதிகளையும் தண்டனைகளையும் முதற் சுற்றுக்கு முன்னரே, குழந்தைகளுக்கு விளங்கும் எளிய தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். கைப்பேசியை உடலோடு வைத்திருந்தாலே ஆட்டத்தை இழக்க நேரும் என்பது சதுரங்க விதி. சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்த ஒரு மாணவி, வீட்டாரோடு பேசுவதற்காகக் கொண்டுவந்த கைப்பேசியைப் பாவாடைப் பையிலேயே மறந்து வைத்திருக்கலாம். காலையிலேயே அவற்றை வாங்கி வைக்க ஒரு மேசை போட்டுவிட்டால், அந்தப் பெரிய தண்டனைக்கே இடமில்லாது போகும். அறிவிக்கப்படாத விதியால் தண்டிப்பது, வழியில் குழி வெட்டி மூடிவைத்து விழுந்தவரைக் கடிந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, தண்டனைக்குப் படிகள் இருத்தல் வேண்டும். எச்சரித்தல், எதிராளிக்கு நேரம் கூட்டுதல், மீறியவரின் நேரத்தைக் குறைத்தல், புள்ளியைக் குறைத்தல், ஆட்டத்தை இழக்கச் செய்தல், போட்டியினின்றே விலக்குதல் எனப் பல படிகளை உலகச் சதுரங்க விதிகள் நடுவரின் கையில் கொடுத்துள்ளன. ஒரே கோலை வைத்துக்கொண்டு எல்லாக் குற்றத்தையும் அடிக்க முயலுதல் பேதைமை. எதிராளியின் கவனத்தைக் கலைக்க மேசையைத் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு எச்சரிக்கை போதும். எச்சரித்த பின்னும் தட்டினால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

மூன்றாவது, மேல்முறையீட்டுக்கு வழி இருத்தல் வேண்டும். நடுவரும் மனிதரே, அவரும் தவறுவர். அவருடைய தீர்ப்பை மறு ஆய்வு செய்ய, ஆடுவோரின் பள்ளிகளைச் சாராத மூவர் கொண்ட சிறு குழு ஒன்று போதும். தன் சொல் கேட்கப்பட்டது என்னும் மனநிறைவோடு தோற்கும் பிள்ளை, தோல்வியை எளிதில் தாங்கிக்கொள்ளும்.

நான்காவது, தண்டனை தனியே வழங்கப்படவேண்டும். கூட்டத்தின் முன் இழிவுபடுத்துதல் கூடாது. நடுவர் விதியை எடுத்துக் கூறி, “இதனால் இது நேர்கிறது, அடுத்த சுற்றில் ஒழுங்காக ஆடு” என்று சொல்லுதல் போதும். எடுத்த எடுப்பில் கோல் கடுமையாக ஓங்கலாம். விழும்போது மெல்லென விழவேண்டும் என்பதும் வள்ளுவர் அவ்வதிகாரத்தில் காட்டிய நெறியே.

பெற்றோரும் ஆசிரியரும் இதில் பெரும் பங்கு உடையர். பிள்ளை கூடத்தைவிட்டு வெளியே வரும்போது, “வென்றாயா?” என்பதே பலருடைய முதற் கேள்வியாக இருக்கிறது. வெற்றி ஒன்றே வீட்டில் மதிக்கப்படுமாயின், அதனை எவ்வழியிலேனும் பெறுதற்குப் பிள்ளை துணியும். தொப்பியில் கருவி தைக்கும் கை பலகையின் முன் அமர்ந்த பிறகு தோன்றுவதன்று. அதன் விதை வெகு முன்னரே விதைக்கப்பட்டிருக்கும். “எப்படி ஆடினாய்?” என்று கேட்கும் வீட்டில் அவ்விதை முளைப்பதில்லை. தான் காயைத் தொட்டதை எதிராளி காணாதபோதும், “தொட்டேன்” என்று ஒப்புக்கொண்டு ஆட்டத்தை இழந்து வரும் பிள்ளையை அணைத்துப் பாராட்டும் பெற்றோர், ஆயிரம் நடுவர்கள் செய்ய இயலாத பணியைச் செய்தவர் ஆவர்.

இன்று பலகையின் முன் அமரும் சிறுவர் நாளை அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் ஊராட்சி மன்றங்களிலும் அமர்வர். தம்மிடம் பிறர் எவ்வாறு நடந்துகொண்டனரோ, அவ்வாறே அவர்களும் பிறரிடம் நடந்துகொள்வர். கேட்காமல் தண்டிக்கப்பட்டவர் கேட்காமல் தண்டிப்பர்; ஆராய்ந்து திருத்தப்பட்டவர் ஆராய்ந்து திருத்துவர். திருமங்கலத்துப் பள்ளிக் கூடம் ஒன்றில் ஒரு சிறு பலகையின் அருகே நடுவர் வழங்கும் தீர்ப்பு, அக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. பிழையைத் திருத்துக, வஞ்சத்தை ஒறுக்க, இரண்டையும் பிரித்தறியும் வரை கையை ஓங்காது பொறுக்க. ஆட்டத்தைக் காக்கும் வழியும், ஆடுவோரைக் காக்கும் வழியும் இதுவே.